சப்பாத்துக்காக பாரிஸ் வரை போன புதுச்சேரி வக்கீல்!

புதுச்சேரி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை ஏதாவது கையில் கிடைத்தால் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் பெயர் நல்ல தமிழ்ப் பெயராக இருக்கும். அதன் பின்னாலேயே ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘தாத்தா வெள்ளைக்காரரா?’ என்று கேட்டுவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பமாகத்தான் இருக்கும். அந்தப் பெயர்களின் கதையைத் தொடங்க வேண்டிய இடம் ஒரு கோர்ட். தொடங்கி வைத்தது ஒரு ஜோடி சப்பாத்து.

1873. பொன்னுத்தம்பி பிள்ளை புதுச்சேரியில் பெயர் பெற்ற வக்கீல். அப்போது கோர்ட்டில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. ஐரோப்பிய உடையில் வரும் வக்கீல் சப்பாத்து போடலாம். நம்மூர் உடையில் வருபவர் ஐரோப்பியக் காலணி போடக் கூடாது. பொன்னுத்தம்பி ஒருநாள் நம்மூர் உடையும் ஐரோப்பிய சப்பாத்துமாக நீதிமன்றத்துக்குள் நடந்து வந்தார். நீதிபதிக்குக் கோபம் வந்தது. பொன்னுத்தம்பிக்குத் தண்டனை வந்தது.

சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்திருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். கோட்டும் சூட்டும் மாட்டிக்கொண்டு போயிருந்தாலும் முடிந்திருக்கும். அவர் இரண்டையும் செய்யவில்லை. வழக்கைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். அங்கே அவருக்காக வாதாடியவர் ழூல் கோதேன். தீர்ப்பு பொன்னுத்தம்பிக்குச் சாதகமாக வந்தது. சப்பாத்து ஜெயித்தது!

(இதே காலத்தில் பிரிட்டிஷ் இந்தியாவிலும் கோர்ட்டுகளில் செருப்புச் சண்டை நடந்துகொண்டிருந்தது. 20 வருடம் கழித்து, 1893-ல், தென்னாப்பிரிக்காவின் டர்பன் கோர்ட்டில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னதும் காந்தி எழுந்து வெளியே வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.)

நன்றிக்கடனைப் புதுச்சேரிக்காரர்கள் ஓட்டில் தீர்த்தார்கள். ஆமாம், ஓட்டில்தான். பிரெஞ்சு இந்தியா 1871 முதல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பி வந்தது. உள்ளூர் ஆண்களுக்கும் ஓட்டு உண்டு. பக்கத்திலேயே கடலூரில் பிரிட்டிஷ்காரன் கலெக்டரை உட்காரவைத்து ஆண்டுகொண்டிருந்தபோது இங்கே இது! 1876-ல் அந்த இடத்துக்குத் தேர்வானவர் கோதேன்.

ஓட்டு கையில் இருந்தும் தமிழர் முழு பிரெஞ்சுக் குடிமகன் ஆகிவிடவில்லை. கல்யாணம், சொத்து, வாரிசு எல்லாம் அவரவர் சாதி, மத வழக்கப்படியே நடந்தன. ‘அந்த வழக்கத்தை விட்டுவிடு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வா’ என்று 1881 செப்டம்பர் 21-ல் ஓர் ஆணை வந்தது. கட்டாயம் இல்லை. 21 வயது முடிந்த யாரும், ஆணோ பெண்ணோ, எந்தச் சாதியோ மதமோ, கையெழுத்துப் போடலாம். ஆனால், போட்டால் போட்டதுதான். திரும்ப வர வழி கிடையாது. புருஷன் போட்ட கையெழுத்து மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் சேர்த்தே கட்டுப்படுத்தும். கூடவே பரம்பரைக்கும் நிற்கிற மாதிரி ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முன்னால் நின்றவர் பொன்னுத்தம்பி. அவர் எடுத்துக்கொண்ட பெயர் ‘லபோர்த்’. பிரெஞ்சில் கதவு என்று பொருள். இப்படிக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு ‘ரெனோன்சான்’ என்று பெயர் வந்தது. அதாவது, துறந்தவர்கள். அவர்களுடைய அரசியல் தலைவராக லபோர்த் ஆனார்.

ஒன்றைக் கவனியுங்கள். 1873-ல் அவர் கேட்டது, ‘என் உடையோடு என்னைச் சமமாக நடத்து’ என்பது. எட்டு வருடம் கழித்து அதே மனிதர் சமத்துவத்துக்காகத் தன் வழக்கத்தையே விட்டுக்கொடுக்கிறார். முரண்பாடுதான். ஆனால், கோர்ட் வாசலில் ஒவ்வொரு உரிமைக்கும் தனித்தனி வழக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று ஒரு வக்கீல் கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கில் தப்பு சொல்வதும் கஷ்டம்.

பின்னால் வந்தவர்களில் தாழ்த்தப்பட்ட மக்களும் கிறிஸ்தவர்களும்தான் அதிகம். சாதி வழக்கம் அவர்களுக்கு என்ன கொடுத்தது, அதைப் பிடித்துக்கொண்டிருக்க? பிரெஞ்சு சட்டத்தில் மகளுக்கும் மகனுக்கும் சொத்தில் சம பங்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்துப் பெண்களுக்கு அது அப்போது கனவிலும் இல்லை.

மேல்சாதி இந்துக்கள் பெரும்பாலும் கிட்டவே வரவில்லை. அவர்களுக்குத் தலைவராக நாடு சண்முக முதலியார் எழுந்தார். ‘எங்கள் வழக்கத்தில் கை வைக்காதே’ என்பதுதான் அவர் கட்சியின் அடிநாதம். எண்ணிக்கை அவர் பக்கம் இருந்தது. ரொம்ப காலத்துக்குப் புதுச்சேரி அரசியலை ஆட்டி வைத்தவர் அவர்தான்.

பிரான்ஸ் என்ன செய்தது? 1884-ல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தது. ஐரோப்பியர்கள் முதல் பட்டியல், ரெனோன்சான்கள் இரண்டாவது, மற்ற இந்தியர்கள் மூன்றாவது. பெயரை மாற்றி, சட்டத்தை மாற்றிக்கொண்டு வந்தவர்களை ‘நீ பிரெஞ்சுக்காரன்தான், ஆனால் அந்த வரிசையில் போய் நில்’ என்ற கதை! 1899-ல் அந்த இரண்டாம் பட்டியலும் போனது. நிபந்தனைகளுக்குத் தேறிய ரெனோன்சான் மட்டும் ஐரோப்பியர் பட்டியலில் சேரலாம். மற்றவர்கள் பழையபடி இந்தியர் பட்டியலுக்குத்தான் போக வேண்டும்.

ஆனால், அந்தக் கையெழுத்து கப்பல் ஏறியது. ரெனோன்சான் குடும்பங்கள் சைகோனுக்குப் போய் அரசு உத்தியோகம் பார்த்தன. ஊரில் கிடைக்காத மரியாதையை அங்கே கேட்டு வாங்கின. பிரெஞ்சுக் குடிமக்களாக ஓட்டும் போட்டன. பட்டாளத்துக்குப் போனவர்களும் உண்டு.

1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் இந்தியர்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் சொன்னது. மீண்டும் வீட்டுக்கு வீடு அதே பேச்சு, மீண்டும் ஒரு கையெழுத்து. அண்ணன் எழுதிக் கொடுத்தார், தம்பி கொடுக்கவில்லை. இன்று அண்ணன் வீட்டுப் பேரன் மரைன் வீதி தூதரகத்தில் ஓட்டுப் போடுகிறான். தம்பி வீட்டுப் பேரன் முத்தியால்பேட்டை பள்ளிக்கூடத்தில். வாக்காளர் பட்டியலில் குடும்பப் பெயர் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.