கடைசல் இயந்திரத்துக்கு எந்த மோட்டார்?

கொஸ்லந்தை என்றதும் 2014 ஒக்டோபர் 29 அன்று நேர்ந்த மீரியபெத்தை மண்சரிவே நம் நினைவுக்கு வருகிறது. துயரம் நேர்ந்தால் மட்டுமே மலையகத்தை நினைப்பது நம் பத்திரிகைகளின் நெடுநாள் வழக்கம். தோட்ட வேலையை விட்டு அங்கே இரும்புப் பட்டறை வைக்க விரும்பும் இளைஞனுக்கு உதவும் ஒன்றை இன்று எழுதுகிறேன். பழைய கடைசல் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க எந்த மோட்டாரைப் பூட்டுவது? தவறான தெரிவு அவன் கடன்பட்டுச் சேர்த்த முதலையே விழுங்கிவிடும்.

சாதாரண ஒற்றைக்கட்ட மோட்டாரின் வேகத்தை வீட்டு விசிறியின் ரெகுலேட்டரால் குறைக்க முயன்றால் சுருள் கருகிவிடும். நடைப்பயிற்சி இயந்திரத்திலிருந்து கழற்றிய நேர்மின்னோட்ட மோட்டார் மலிவானது. ஆனால் அதில் எழுதியுள்ள குதிரைவலு பெரும்பாலும் சில கணங்களுக்கு மட்டுமே தாங்கக்கூடியது. அதன் திறந்த உடலுக்குள் இரும்புத் தூளும் புகும்.

மூடிய உடலுள்ள மூன்றுகட்ட மோட்டாரும் அதற்குரிய இன்வேர்ட்டரும் வாங்குவதே நன்று என்பது என் கருத்து. வீட்டிலுள்ள 230 வோல்ட் ஒற்றைக்கட்ட மின்சாரமே போதும். மோட்டாரின் தகட்டில் 230/400 என்றிருக்க வேண்டும். டெல்டா முறையில் இணைக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் விசிறிகளுக்கு இதே கருவி பூட்டப்படுவதுண்டு. விசிறியின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் தேவைப்படும் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். கடைசல் இயந்திரத்தின் கதை வேறு. 25 மி.மீ. இரும்புத் தண்டைச் சாதாரண உளியால் கடைய நிமிடத்துக்கு ஏறத்தாழ 380 சுற்று வேண்டும், 200 மி.மீ. வட்டுக்கு 48 போதும். இந்த எட்டு மடங்கு குறைப்பை இன்வேர்ட்டரிடம் மட்டுமே விட்டால், 1.1 கிலோவாட் மோட்டார் 140 வாட் அளவே தரும். மெதுவாகச் சுழலும் அதன் குளிர்விசிறியும் பயன்படாது, மோட்டார் சூடேறும். ஆகவே இயந்திரத்தோடு வந்த படிக்கப்பிகளையும் பல்சக்கரங்களையும் கழற்றி எறியாதீர்கள். பெரிய மாற்றத்துக்குப் பெல்ட், சிறிய மாற்றத்துக்கு இன்வேர்ட்டர். அதுவே முறை.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு சொல். கனடாவின் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் மோட்டாரைக் கப்பலேற்றி அனுப்புவது உதவியாகாது. இங்கே ஓடுவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். எது வேண்டுமென்று பட்டறைக்காரனிடமே கேளுங்கள். மலையகத்துக்கு இரக்கம் நிறையவே கிடைத்துவிட்டது. இனி அது கேட்கும் கருவியைக் கொடுப்போம்.