பத்து லிட்டர் பால் எத்தனை கிலோ?

விடிந்தும் விடியாத நேரத்தில் சித்தூர் பக்கத்துக் கிராமங்களில் பால் கொள்முதல் நிலையத்தின் வாசலில் தூக்குவாளிகளும் கேன்களும் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் மாதிரி எடுத்து உயரமான குவளையில் ஊற்றுவார்கள். அதில் லாக்டோமீட்டரை மிதக்கவிடுவார்கள். நீர் கலந்த பாலில் அது ஆழமாக அமிழும். நல்ல பாலில் தலையைத் தூக்கி நிற்கும். அதன் கழுத்தில் தெரியும் எண்ணுக்குத் தமிழ்ப் பக்கத்துப் பால்காரர்கள் வைத்த பெயர் டிகிரி. கும்பகோணம் டிகிரி காபிக்குப் பெயர் வந்த விதம் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று, இந்த டிகிரியிலிருந்துதான் தொடங்குகிறது.

28 டிகிரி என்றால் அந்தப் பால் ஒரு லிட்டர் 1.028 கிலோ எடை இருக்கும் என்று பொருள். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதைவிடப் பால் 28 கிராம் கனம். பள்ளிக்கூடத்தில் ‘அடர்த்தி என்பது நிறையைப் பருமனால் வகுத்தால் கிடைப்பது’ என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். பாடநூல்கள் ஆர்க்கிமிடீஸையும் அவருடைய குளியல் தொட்டியையும் விடுவதாக இல்லை. சித்தூரிலும் திருப்பதியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையில்லை. அவர்கள் வீட்டு வருமானமே காலையும் மாலையும் இந்த வகுத்தலில்தான் தீர்மானமாகிறது.

மழை பொய்த்தாலும் மாடு கைவிடாது என்று நம்பி வாழும் சீமை இது. சித்தூர் கூட்டுறவுப் பால் பண்ணை 2002-ல் மூடப்பட்டபோது அடிபட்டது அந்த நம்பிக்கைதான். 2023 ஜூலையில் அமுல் மூலம் அதற்கு உயிர் கொடுக்க அடிக்கல் நாட்டினார்கள். இடைப்பட்ட காலத்தில் தனியார் பால் நிறுவனங்கள் வளர்ந்தன. 2014-ல் திருப்பதியில் தொடங்கிய ஸ்ரீஜா மகிளா பால் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்குதாரர்கள் அனைவரும் பெண்கள். வாங்குகிற கை மாறிக்கொண்டே இருக்கிறது. எண்ணைப் படிக்கிற கண் மட்டும் எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.

முதல் சிக்கல் லிட்டருக்கும் கிலோவுக்கும் நடுவில் ஒளிந்திருக்கிறது. பத்து லிட்டர் பால் ஏறத்தாழ 10.3 கிலோ. படியில் அளந்து வாங்கிவிட்டு, கிலோவுக்குரிய விலையைப் போட்டு ‘பத்து’ என்று எழுதினால் 300 கிராம் காணாமல் போகும். தினம் பத்து லிட்டர் ஊற்றும் வீட்டுக்கு வருஷத்தில் கிட்டத்தட்ட 110 கிலோ. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, தராசில் கை வைக்கவில்லை, 1.03-ஆல் பெருக்க மறந்தார்கள், அவ்வளவுதான். (எதிர்த் திசையில் மறந்தால் நிலையத்துக்கு நஷ்டம். அந்த மறதி ஒரு வாரம்கூடத் தாங்காது என்று தாராளமாக நம்பலாம்.)

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது, அதனாலேயே அநியாயமானது. சூடேறினால் பால் விரியும். விரிந்தால் அடர்த்தி குறையும். நம் ஊர் லாக்டோமீட்டர்கள் பெரும்பாலும் 27 டிகிரி செல்சியஸில் சரியாகக் காட்டும்படி செய்யப்பட்டவை. மடியிலிருந்து அப்போதுதான் கறந்த பாலில் மாட்டின் உடம்புச் சூடு அப்படியே இருக்கும், 37 செல்சியஸுக்கு மேல். நுரையும் காற்றுக் குமிழும் வேறு. அந்தப் பாலில் மிதக்கவிட்டால் லாக்டோமீட்டர் ஏறத்தாழ இரண்டு டிகிரி குறைத்தே காட்டும். கறந்த கையோடு ஓடி வருகிற பெண்ணின் பால் ‘தண்ணிப் பால்’ ஆகிவிடும். ஆற அமர வருகிறவரின் பால் தேறிவிடும்.

இரண்டு டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள சத்தை எஸ்.என்.எஃப். என்கிறார்கள். அதற்கான கணக்கு: டிகிரியில் கால் பங்கு, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், கூடவே 0.36. நான்கு சதவீதக் கொழுப்புள்ள பாலுக்கு 29 டிகிரி வந்தால் எஸ்.என்.எஃப். 8.45. அதே பாலைச் சூட்டோடு பார்த்து 27 என்று எழுதினால் 7.95. பசும்பாலுக்கு உணவுப் பாதுகாப்பு விதி கேட்பது 8.3. அரைப் புள்ளி வித்தியாசத்தில் ஒன்று தேறுகிறது, இன்னொன்று தோற்கிறது. இரண்டும் ஒரே மாட்டின் பால்! இந்தக் கணக்கில் எடுக்க வேண்டியது சூட்டுக்குத் திருத்திய எண்ணை; பால்வளப் பாடத்தின் முதல் அத்தியாயத்திலேயே அது உண்டு. மின்கருவி வந்த இடங்களில் கருவியே திருத்திக்கொள்ளும், அந்தக் கருவியை யாராவது அவ்வப்போது சரிபார்த்தால்.

வாங்குகிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. லாக்டோமீட்டரை ஏமாற்றுவது எளிது. கொழுப்பு தண்ணீரைவிட லேசு. ஏடெடுத்த பாலின் டிகிரி 35 வரைகூட ஏறும். பிறகு அளவாகத் தண்ணீர் சேர்த்தால் எண் மறுபடியும் யோக்கியமாக வந்து நிற்கும். இரட்டைக் களவு, ஆனால் கருவி கைதட்டும். அதனால்தான் 1890-களில் சுவிட்சர்லாந்தின் கெர்பர் கண்டுபிடித்த சோதனை இன்றும் தேவைப்படுகிறது. அமிலம் விட்டுச் சுழற்றினால் லேசான கொழுப்பு தனியே பிரிந்து குழாயில் மேலே நிற்கும். அங்கே வேலை செய்வதும் அடர்த்திதான். தெலுங்கில் இந்தக் கொழுப்பு அளவை ‘வென்ன சாதம்’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு வெண்ணெய்ச் சோறு போலக் கேட்கும். உண்மையில் வெண்ணெய் சதவீதம்.

அடர்த்தி எட்டாத இடமும் உண்டு. நெய்யும் பனை எண்ணெயும் எடையில் கிட்டத்தட்ட ஒன்றே, லிட்டருக்கு 900 கிராமை ஒட்டியே நிற்கும். கலப்படத்தை இந்த வகுத்தல் காட்டிக்கொடுக்காது. திருமலை லட்டுக்கான நெய் குறித்து 2024-ல் சந்தேகம் எழுந்தபோது, மாதிரிகள் குஜராத்தின் ஆனந்தில் உள்ள தேசிய பால்வள வாரியத்தின் ஆய்வகம் வரை போயின. அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. பெருமாளின் நெய்க்கு அந்த அக்கறை வேண்டியதே. அந்த அக்கறையில் நூற்றில் ஒரு பங்கு, நெய்க்கு மூலமான பாலை ஊற்றுகிறவர்கள் கையில் கிடைக்கும் பால் சீட்டுக்கும் கிடைக்கக் கூடாதா?

பாலோடு இது நிற்கவில்லை. சேஷாசலம் காட்டுச் செம்மரம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். தேக்கைக் கன அளவில் விற்கிற வனத்துறை, செம்மரத்தை டன் கணக்கில்தான் ஏலம் விடுகிறது. தோதாபுரி மாம்பழக் கதையும் இதே ஜாதி. கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூரா என்று சொல்லும் அந்தக் காய், முற்றியிருந்தால் வாளித் தண்ணீரில் மூழ்கும், முற்றாவிட்டால் மிதக்கும். 2025-ல் விலை விழுந்தபோது, கிலோவுக்குக் கூழ் ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய் தரும் என்று ஆந்திர அரசு கணக்குச் சொன்னது. ஆலை வாசலில் லாரியோடு காத்துக்கிடந்த விவசாயியிடம் ‘காய் முற்றவில்லை’ என்று யாராவது சொன்னால், பதில் சொல்ல அவருக்கு ஒரு வாளி போதும். பால் ஊற்றுகிறவருக்கு அப்படி ஒரு வாளி இல்லை.

பால் கொள்முதலில் விவசாயிகளைப் பாதுகாக்க ஆந்திரம் 2023-ல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டப் புத்தகத்திலிருந்து பால் சீட்டுக்கு அது இறங்கி வர வேண்டும். சீட்டில் இன்று தேதி, அளவு, கொழுப்பு, எஸ்.என்.எஃப்., தொகை என்று கட்டங்கள் இருக்கின்றன. இன்னும் இரண்டு கட்டங்கள் சேர்த்தால் போதும்: பாலின் எடை கிலோவில்; சோதித்தபோது பால் இருந்த சூடு. கூடுதல் செலவு ஒரு தெர்மாமீட்டர். ஆந்திர அரசு இதைக் கட்டாயமாக்கட்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் குடியாத்தத்திலும் திருத்தணியிலும் உள்ள சங்கங்களும் பின்தொடரட்டும். அந்தக் கட்டங்கள் வரும்வரை, கேனை மேசையில் வைக்கிற ஒவ்வொருவரும் டிகிரி எழுதுகிறவரிடம் தினமும் கேட்கலாம்: “எத்தனை சூட்டுல பாத்தீங்க?”