தடைக்கு எல்லை கூடாது

மூணாறை அடுத்த பள்ளிவாசலின் தேயிலைத் தோட்டங்களிலும் உடும்பன்சோலை வட்டாரத்து ஏலக்காய்க் காடுகளிலும் தலைமுறைகளாகத் தமிழர்கள் உழைத்து வருகின்றனர். 2000-களின் தொடக்கத்தில் மிளகு, தேயிலை விலை வீழ்ந்தபோதும், 2018 பெருவெள்ளத்தை அடுத்த மாதங்களிலும் இடுக்கி மாவட்டத்தில் விவசாயிகளின் தற்கொலைகள் நேர்ந்தன. 2019 மார்ச்சில் கேரள அரசு விவசாயக் கடன் வசூலை அவ்வாண்டு இறுதிவரை நிறுத்திவைக்க முடிவெடுத்தது. அது தேவையான நடவடிக்கைதான். ஆனால், கடன் ஒன்றே காரணம் என்று கருதிவிட்டால் மற்ற கதவுகள் அடைபட்டுப் போகும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். ஒரு லட்சம் பேருக்கு 12.4 என்பது தேசிய விகிதம். தமிழகத்தில் இது 25.9, கேரளத்தில் 28.5. குடும்பப் பிரச்னை, நோய் ஆகிய இரண்டு மட்டுமே பாதி மரணங்களுக்குக் காரணங்களாகப் பதிவாகியுள்ளன. உயிரிழந்தோரில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர்.

கடன், குடி, மனச்சோர்வு, தனிமை, முன்னர் ஒருமுறை முயன்றது எனப் பல சுமைகள் ஒன்றுசேரும்போதே ஆபத்து முற்றுகிறது. அவ்வேளையிலும் பலருக்கு அந்த எண்ணம் நிலையானதல்ல; சில மணி நேரத்தில் தணிந்துவிடக் கூடியது. காப்பாற்றப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை என்பதே மருத்துவ அனுபவம். எனவே, அந்தச் சில மணி நேரத்தில் பேச ஓர் ஆள் அருகில் இருப்பதும், நஞ்சு அருகில் இல்லாதிருப்பதுமே உயிர் காக்கும் அரண்கள்.

இலங்கை இதை மெய்ப்பித்துள்ளது. 1995 முதல் கடும் நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளை அந்நாடு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் பூச்சி மருந்துகளை வீட்டில் வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் முயற்சியைச் சென்னை 'சினேகா' அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் மேற்கொண்டனர். விவசாயிகள் அதை ஏற்றனர்.

கேரளமும் 2011-ல் 14 மருந்துகளைத் தடை செய்தது. ஆனால், இடுக்கியின் கிழக்கு எல்லை தேனி மாவட்டம். கேரளத்தில் தடை செய்யப்பட்டவை போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு வந்து சேர்வதாகப் புகார்கள் பலமுறை எழுந்துள்ளன. ஒரு மாநிலம் மூடும் கதவு, மலைக்கு அப்பால் திறந்தே கிடக்கிறது. தமிழக அரசு 6 பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை விதித்தபோது அது 60 நாள்களுக்கானதாகவே இருந்தது. 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27-வது பிரிவு மாநிலங்களுக்கு அளிக்கும் அதிகாரம் தற்காலிகத் தடைக்கானதே. நாடு முழுவதும் நிரந்தரமாகத் தடுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது.

அச்சட்டத்துக்கு மாற்றாக 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் மசோதா அறிமுகமானது. நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் அறிக்கை அளித்தது. 2024-ம் ஆண்டு முடியும்வரை அது சட்டமாகவில்லை. 2030-க்குள் தற்கொலை மரணங்களை 10 சதவீதம் குறைப்பதாக 2022 நவம்பரில் தேசியத் தடுப்பு உத்தியை வெளியிட்டதும் இதே மத்திய அரசுதான். இலக்கை அறிவித்துவிட்டுக் கருவியைக் கிடப்பில் போடுவது முரண்பாடு அல்லவா?

இடுக்கி, தேனி தொகுதிகளின் உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இதை அவையில் எழுப்ப வேண்டும். தோட்ட லயங்களுக்குத் தமிழ் பேசும் மனநல ஆலோசகர்கள் செல்ல இரு மாநில அரசுகளும் கைகோக்க வேண்டும். 'டெலி மானஸ்' 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலும் இலவச ஆலோசனை பெறலாம் என்பது ஒவ்வொரு லயத்துக்கும் தெரிய வேண்டும்.

விலை வீழ்ச்சியையும் கடனையும் ஓர் உத்தரவால் ஒரே நாளில் போக்கிவிட இயலாது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நஞ்சை அகற்ற இயலும். அதையும் செய்யாமல் அனுதாபம் தெரிவிப்பதில் பொருளில்லை.