மகன் வாங்கும் வானும் மகளின் வீட்டுக் காசும்

கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு தாய் எழுதியுள்ள கடிதத்தின் சுருக்கம் இது:

"எனது மூத்த மகன் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொழில் செய்கிறார். இப்போது ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து பொதிகள் கொண்டு சேர்க்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கப் போகிறாராம். இங்கிலாந்தில் பாவித்த வான் ஒன்று பத்தாயிரம் பவுணுக்குக் கிடைக்கிறதாம். சாரதியோடு ஐந்து பேர் இருக்கலாம், பின்னால் சாமானும் ஏற்றலாம் என்கிறார். தங்கச்சியின் வீட்டு வேலைக்கென அங்கே சேர்த்து வைத்திருக்கும் காசை இதற்கு எடுக்க என்னிடம் சம்மதம் கேட்கிறார். அயர்லாந்தில் வானுக்குப் பதிவு வரி இருநூறு யூரோ மட்டும்தான் என்று கூட்டாளி சொல்லியிருக்கிறார். விற்பவர் பற்றுச்சீட்டில் ஆறாயிரம் பவுண் என்று குறைத்து எழுதித் தரவும் ஆயத்தமாம். நான் சம்மதிக்கலாமா? அப்படி எழுதுவது கூடுமா?"

சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் உள்ளன. முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்குத் தெளிவானால் மற்றதும் இலகுவாகிவிடும்.

நமது நாட்டில் வாகனத்துக்குரிய இறக்குமதி வரிகளைத் துறைமுகத்திலேயே கட்ட வேண்டும். கட்டாமல் வாகனம் வெளியே வராது. அயர்லாந்தில் சுங்கத்துக்குரியது வேறு, பதிவு வரி வேறு. வான் கப்பலிலிருந்து இறங்கி வீட்டு வாசலுக்கு வந்த பிறகும் பதிவு வரி காத்துக்கொண்டிருக்கும். வாகனப் பதிவு வரி என்னும் இந்த வரி அங்கே 1993 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. வானை வாங்கிய பின் இதைக் கணக்குப் பார்ப்பவர்களே அதிகம் சங்கடப்படுகிறார்கள்.

கூட்டாளி சொன்ன இருநூறு யூரோ பொய்யல்ல. ஆனால் அது எல்லா வானுக்கும் பொருந்தாது. சாமான் ஏற்றும் வான்களை ஐரோப்பிய வகைப்படுத்தலில் 'என்-1' என்பர். அவ்வகையில் இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறினால்தான் 200 யூரோ. ஒன்று, ஆசனங்கள் நான்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். மற்றது, சுமையோடு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை, ஓடும் நிலையிலுள்ள வானின் எடையில் 130 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். உதாரணமாக, வான் 1,800 கிலோ என்றால் உச்ச எடை 2,340 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும்.

உங்கள் மகன் பார்த்திருப்பது ஐந்து ஆசன வான். அது முதல் நிபந்தனையிலேயே தவறிவிடுகிறது. அத்தகைய வானுக்கு வரி 13.3 சதவீதம். கரியமிலவாயு வெளியேற்றம் கிலோமீற்றருக்கு 120 கிராமுக்குக் குறைவான வான்களுக்கு மட்டும் 2025 ஜூலை முதல் 8 சதவீதம் என்று குறைத்தார்கள். பாவித்த டீசல் வான்களில் பெரும்பாலானவை இந்தச் சலுகைக்குள் வராது.

"பின் ஆசனத்தைக் கழற்றிவிட்டால் என்ன?" என்று மகன் கேட்கக்கூடும். தயாரிப்பின் எல்லாக் கட்டங்களிலும் ஆசனங்கள் நான்குக்குக் குறைவாக இருந்திருக்க வேண்டும் என்றே விதி சொல்கிறது. ஆகவே பிறகு கழற்றுவதால் பயனில்லை.

இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். பார்வைக்கு வான் போலிருந்தும், ஆட்களை ஏற்றும் 'எம்-1' வகையாகப் பதிவான வாகனங்கள் உண்டு. அவற்றுக்குக் காரின் வரிதான். வெளியேறும் கரியமிலவாயுவின் அளவுக்கேற்ப 7 முதல் 41 சதவீதம் வரை அது செல்லும். அதற்கு மேல் நைதரசன் ஒட்சைட்டுக்குத் தனி வரியும் உண்டு. டீசல் வாகனத்துக்கு அது 4,850 யூரோ வரை போகலாம்.

எதன் மீது 13.3 சதவீதம் என்பதுதான் அடுத்த கேள்வி. மகன் கொடுத்த விலையின் மீதல்ல. அதே வான் அயர்லாந்தின் சந்தையில், எல்லா வரிகளும் உட்பட, சில்லறையாக என்ன விலைக்குப் போகும் என்று வரித் திணைக்களம் மதிப்பிடுகிறதோ, அந்தத் திறந்த சந்தை விலையின் மீதே வரி. மலிவாக வாங்கினேன் என்று சொல்லி இந்த வரியைக் குறைக்க முடியாது.

பதிவு வரிக்கு முன்னால் வேறு இரண்டு செலவுகள் நிற்கின்றன. 2021 ஜனவரி 1 முதல் பிரித்தானியப் பெருநிலத்திலிருந்து வரும் வாகனம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். 2,500 சி.சி.க்கு மேற்படாத டீசல் வானுக்குப் பொதுவாகச் சுங்கத் தீர்வை 10 சதவீதம். பெரிய எஞ்சினுக்கு இதைவிடக் கூடும். பிரித்தானியாவிலேயே தயாரானது என்பதை முறைப்படி நிரூபித்தால் தீர்வையில் விலக்குப் பெற வழியுண்டு. தீர்வையையும் சேர்த்த தொகையின் மீது பெறுமதி சேர் வரி 23 சதவீதம். வட அயர்லாந்திலிருந்து வாங்கும் வாகனத்துக்கு விதிகள் வேறு.

இனி ஒரு கடதாசியில் எழுதிப் பார்ப்போம். கணக்குக்காக 1 பவுண் 1.15 யூரோ என்றும், அயர்லாந்தில் வானின் மதிப்பு 20,000 யூரோ என்றும் வைத்துக்கொள்வோம்.

வானின் விலை: 11,500 யூரோ
கப்பல், காப்புறுதி: 500
சுங்கத் தீர்வை 10 சதவீதம்: 1,200
பெறுமதி சேர் வரி (13,200 மீது 23 சதவீதம்): 3,036
பதிவு வரி (20,000 மீது 13.3 சதவீதம்): 2,660
மொத்தம்: 18,896 யூரோ

விலையையும் கூட்டாளி சொன்ன வரியையும் கூட்டினால் 11,700 வருகிறது. உண்மையில் போவது 18,896. இடையிலுள்ள 7,196 யூரோதான் உங்கள் மகளின் வீட்டுச் சுவர்.

அது மட்டுமல்ல. 20,000 யூரோ என்பது அதே போன்ற வானை, வரி கட்டி முடிந்த நிலையில், டப்ளினிலேயே வாங்கக்கூடிய விலை. அப்படியானால் இந்த அலைச்சலால் மிஞ்சுவது 1,104 யூரோ மட்டுமே. இங்கிலாந்து போய்வரும் செலவையும் ஒரு சிறு திருத்த வேலையையும் கழித்தால் என்ன மிஞ்சும் என்று மகனே சொல்லட்டும். அவர் பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்த தொழிலாளராக இருந்தால் அந்த வரியை மீளப் பெற வழியுண்டு. அதை முதலில் ஒரு கணக்காளரிடம் உறுதிசெய்து கொள்ளட்டும். பொதி மட்டுமே ஏற்றுவதானால் ஐந்து ஆசனம் எதற்கு? மூன்று ஆசன வானுக்கு, எடை நிபந்தனையும் பொருந்தினால், பதிவு வரி 200 யூரோவோடு முடியும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பற்றுச்சீட்டில் ஆறாயிரம் என்று எழுதுவது கூடாது. கொடுத்தது பத்தாயிரமாக இருக்க, ஆறாயிரம் என்று கையொப்பமிடுவது பொய்ச் சாட்சியம். வேற்று நாட்டு அரசாங்கம் என்பதால் பொய் மெய்யாகிவிடாது. அந்த நாட்டின் நிபந்தனைகளை ஏற்றுத்தான் அவர் அங்கே விசாப் பெற்று வாழ்கிறார். உடன்படிக்கையை மதிப்பது நமது கடமை.

இதனால் என்ன இலாபம் என்றும் பாருங்கள். தீர்வையிலும் பெறுமதி சேர் வரியிலும் ஏறக்குறைய 1,624 யூரோ ஒளிக்கலாம். பதிவு வரியில் ஒரு சதமும் குறையாது. அது பற்றுச்சீட்டைப் பார்த்துப் போடும் வரியல்லவே! இத்தொகைக்காக வான் பறிமுதலாகும் ஆபத்தையும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பெயரையும் பணயம் வைக்கலாமா? விற்பவர் வலிய வந்து குறைத்து எழுதித் தருகிறார் என்றால், வானைப் பற்றி அவர் சொன்ன மற்றவற்றையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

மகனுக்கு நீங்கள் எழுத வேண்டியவை இவை. காசு கொடுக்கு முன் பிரித்தானியப் பதிவுப் பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்கட்டும். அதில் 'ஜே' என்ற இடத்தில் வாகன வகையும், 'எஸ்.1' என்ற இடத்தில் ஆசனத் தொகையும் இருக்கும். வரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பதிவு வரியை மதிப்பிட்டுப் பார்க்கும் வசதியும் உண்டு. வான் நாட்டுக்குள் வந்து 7 நாட்களுக்குள் பரிசோதனை நிலையத்தில் நேரம் ஒதுக்கி, 30 நாட்களுக்குள் பதிவை முடிக்க வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் மேலதிக வரி ஏறும். மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் வரியை முதலில் கட்டியாக வேண்டும்.

இந்தக் கணக்கு முழுவதும் கடதாசியில் வந்த பிறகு, தொழில் நிற்கும் என்று உங்களுக்கும் மனம் சொன்னால் சம்மதியுங்கள். அந்தக் காசை மகன்தான் உழைத்தார். ஆயினும் தங்கச்சியின் வீட்டுக்கென்று சொல்லி வைத்த பிறகு, அந்தப் பிள்ளையும் அதை நம்பியிருக்கிறது. அவளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். எடுக்கும் தொகையையும் திருப்பித் தரும் தவணையையும் எழுதி, இரண்டு சாட்சிகளை வையுங்கள். உடன்பிறந்தவர்களுக்கிடையில் எழுத்து எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அந்த உறவு கெட்டுவிடக் கூடாது என்பதற்காகவே எழுதச் சொல்கிறேன்.