மாஞ்சோலை ஏற்றத்தில் கார் திணறுதா? 'கோல்ட் ஏர் இன்டேக்' மாட்டும் முன் இதைப் படிங்க!

மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் வனத்துறை அனுமதியைக் காட்டிவிட்டு, அருவியையும் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்துவிடும். வளைவுக்கு வளைவு இரண்டாவது கியர், சில இடங்களில் முதல் கியர். நான்கு பேர் உட்கார்ந்து, ஏசியும் ஓடினால், சின்ன பெட்ரோல் கார்கள் முனகிக்கொண்டேதான் மாஞ்சோலைக்கு ஏறும்.

"இன்ஜினுக்குக் காத்துப் பத்தலை. கோல்ட் ஏர் இன்டேக் போட்டா பறக்கும்" என்று நண்பர்கள் யோசனை சொல்வார்கள். பிவிசி பைப், எல்போ, ஹோஸ் கிளிப், ஒரு கோன் ஃபில்டர்... இவ்வளவுதான் பொருள்கள். பிராண்டட் கிட் வாங்குவதைவிடச் செலவு மிகக் குறைவு. ஆனால், இந்த வேலை மலை ஏற்றத்தில் உதவுமா, உபத்திரவமா?

குளிர்ந்த காற்றுக்கு ஏன் மவுசு?

பெட்ரோல் எரிய ஆக்ஸிஜன் வேண்டும். சூடான காற்று விரிந்து லேசாகிவிடும். குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும். அதே அளவு இடத்தில் அதிக ஆக்ஸிஜன் அடங்கும். இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால், அதன் அடர்த்தி சுமார் 3 சதவிகிதம் கூடும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது சக்தியும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடலாம். கோல்ட் ஏர் இன்டேக்கின் அடிப்படை இதுதான். கணக்கில் தப்பில்லை.

மாஞ்சோலையில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. எஸ்டேட் பகுதி கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிடச் சுமார் 10 சதவிகிதம் குறைவு. டர்போ இல்லாத ஒரு கார், கீழே கல்லிடைக்குறிச்சியில் 60 குதிரைத்திறன் தருகிறது என்றால், மேலே 54, 55-தான் தரும். இது இயற்கை போடும் வரி. எந்த பைப்பை மாட்டினாலும் இதை முழுதாகத் திரும்ப வாங்க முடியாது. டர்போ கார்களில் காற்றை அழுத்தி அனுப்புவதால் இந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது.

உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கிறது!

பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து முன்பக்கம் போகும் பிளாஸ்டிக் குழாயைக் கண்ணால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது கிரில்லுக்குப் பின்னாலோ, ஹெட்லைட் ஓரத்திலோ, ஃபெண்டர் பக்கமோ போய் முடியும். வெளிக்காற்று கிடைக்கும் இடம் அது. அதாவது, கார் கம்பெனியே ஒரு கோல்ட் ஏர் இன்டேக்கை வைத்துத்தான் அனுப்பியிருக்கிறது.

வீட்டில் செய்பவர்கள் பலர் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, இன்ஜினுக்குப் பக்கத்திலேயே கோன் ஃபில்டரைத் திறந்தவாக்கில் மாட்டுகிறார்கள். நான்குவழிச் சாலையில் 80 கி.மீ வேகத்தில் போகும்போது முன்னாலிருந்து காற்று வீசுவதால் ஓரளவு சமாளித்துவிடும். மலைப்பாதையில் வேகமே 20 கி.மீ-தான். ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் அனல் முழுக்க பானட்டுக்குள் சுற்றும். திறந்திருக்கும் ஃபில்டர் அந்த அனலைத்தான் உறிஞ்சும். எந்த ஏற்றத்துக்காக மாட்டினோமோ, அந்த ஏற்றத்திலேயே காலை வாரிவிடும்.

"சத்தமே மாறிடுச்சு, பிக்கப் கூடிடுச்சு" என்று சிலர் சொல்வது? சத்தம் மாறுவது உண்மை. காற்று உறிஞ்சும் ஓசையை அடக்குவதும் அந்தப் பெட்டியின் வேலைதான். பெட்டி போனதும் ஓசை வெளியே வரும். காது ஏமாறும்.

மைலேஜ் கூடும் என்பதையும் நம்ப வேண்டாம். வழக்கமான ஓட்டத்தில் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை த்ராட்டில்தான் தீர்மானிக்கிறது. காற்று அடர்த்தியாக வந்தால், அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்டித்தான் ஈசியு தெளிக்கும்.

கையால் செய்தால் சரிவராதா?

வரும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டிக்கு இன்ஜினீயரிங் மாணவர்கள் சொந்தமாக ரேஸ் கார் கட்டி எடுத்துவருகிறார்கள். பெட்ரோல் இன்ஜினுக்குப் போகும் மொத்தக் காற்றும் 20 மில்லிமீட்டர் துவாரம் வழியாகத்தான் போக வேண்டும் என்பது இந்த வகைப் போட்டிகளின் விதி. அதற்குத் தகுந்த இன்டேக்கை அந்த மாணவர்களே வடிவமைக்கிறார்கள். பைப்பின் நீளம், வளைவு, அகலம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு, சோதித்துப் பார்த்த பிறகே மாட்டுகிறார்கள். நாமும் பைப்பை அறுப்பதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு சின்ன ஓபிடி-2 ப்ளூடூத் அடாப்டரும் செல்போனும் போதும். 2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் இது வேலை செய்யும். ஏற்றத்தில் கார் ஏறும்போது, பக்கத்து சீட்டில் இருப்பவரை 'இன்டேக் ஏர் டெம்ப்பரேச்சர்' அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளி வெப்பத்தைவிட 10 டிகிரிக்குள்தான் அதிகம் என்றால், எதையும் தொட வேண்டாம். 25, 30 டிகிரி அதிகம் என்றால், கீழே சொல்லும் வேலை பலன் தரலாம்.

குறைந்த செலவில் செய்யக்கூடியது

1. கம்பெனியின் ஃபில்டர் பெட்டியைக் கழற்றாதீர்கள். பெட்டிக்கு முன்னால் இருக்கும் குழாயை மட்டும் கவனியுங்கள். அது உடைந்தோ, கழன்றோ இருந்தால் மாற்றினாலே போதும்.

2. குழாயின் வாய் சூடான இடத்தில் இருந்தால், வெப்பம் தாங்கும் வளையும் டக்ட் ஹோஸை கிரில்லுக்குப் பின்னால் வரை கொண்டுபோகலாம். இது ஃபில்டருக்கு முன்னால் இருப்பதால், சின்னக் கசிவு இருந்தாலும் தூசி இன்ஜினுக்குள் போகாது. ஃபில்டருக்குப் பின்னால் கசிந்தால், வடிகட்டாத தூசி நேராக சிலிண்டருக்குப் போய்விடும்.

3. சாதாரண பிவிசி பைப் 80 டிகிரியை நெருங்கும்போதே இளகும். எக்ஸாஸ்ட் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. ஃபேன், பெல்ட் பக்கமும் ஹோஸ் போகக் கூடாது.

4. ஃபில்டர் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகட்டை நிறுத்தினால் அனல் நேரடியாகத் தாக்காது. பேட்டரி முனைகளில் தகடு உரசாதபடி இறுக்கி மாட்டுங்கள்.

தண்ணீரில் கண்டம்

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் இது. சில்லென்ற காற்று கிடைக்கும் என்று குழாயின் வாயை பம்பருக்குக் கீழே இறக்குகிறார்கள். மாஞ்சோலைக்கு மேலே இருக்கும் நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவாகும் இடங்களில் முன்வரிசையில் இருப்பவை. கனமழை நேரத்தில் சாலையிலேயே தண்ணீர் ஓடும்.

காற்றை அழுத்த முடியும், தண்ணீரை முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், மேலே வரும் பிஸ்டன் சுவரில் மோதியதுபோல நிற்கும். கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் இன்ஜின் பிளாக்கே உடையும். 'ஹைட்ரோலாக்' என்பது இதுதான். சில நூறு ரூபாய் பைப்பால் இன்ஜினையே மாற்ற வேண்டிய நிலை வரும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு, திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி வெள்ளக்காடானது. அப்படித் தண்ணீரில் நின்றுபோன காரை "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று சாவி போடுவதுதான் பெரிய தப்பு. ஸ்டார்ட் செய்யாமல், தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆன் எடுக்காத சாதாரண பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். குழாயின் வாயை கம்பெனி வைத்த உயரத்தைவிட ஒரு இன்ச்கூடக் கீழே இறக்காதீர்கள்.

மாஞ்சோலைப் பாதை குறுகலானது. புலிகள் காப்பகத்துக்குள் போவது. பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. அங்கே ஒரு கார் குறுக்கே நின்றால், பின்னால் வரும் அரசு பஸ்ஸும், அதை நம்பியிருக்கும் மலைவாசிகளும் சேர்ந்து நிற்க வேண்டியிருக்கும்.

சட்டமும் கவனிக்கணும்

தயாரிப்பாளர் தந்த அம்சங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவில் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க இடமிருக்கிறது. வாரன்ட்டியில் இருக்கும் காரென்றால், கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

செலவே இல்லாத வழி

செங்குத்தான வளைவுகளில் ஏசியை அணைத்துவிடுங்கள். சின்ன இன்ஜினிடமிருந்து ஏசி கம்ப்ரஸர் சில குதிரைத்திறனைப் பிடுங்கிக்கொள்ளும். கோல்ட் ஏர் இன்டேக் தரும் லாபத்தைவிட இது அதிகம்கூட இருக்கலாம். ஜன்னலைத் திறந்தால் மலைக்காற்று இலவசம். அழுக்கேறிய ஏர் ஃபில்டரைப் புதிதாக மாற்றுங்கள். டயர் காற்றைச் சரிபாருங்கள். டிக்கியில் தேவையில்லாத சுமையை வீட்டிலேயே இறக்கிவையுங்கள். கார் திணறுவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கார் திணறினால், முதலில் கிளட்ச்சையும் ஸ்பார்க் பிளக்கையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பைப் வாங்குவதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.