அபராத நோட்டீசின் யோக்கியதை

ஒரு டீக்கடைக்காரருக்குச் சர்க்கார் ஆபீசிலிருந்து காகிதம் ஒன்று வருகின்றது. "சுகாதாரக் குறைவு காணப்பட்டது, அபராதம் கட்டுக" என்று இரண்டு வரி, கீழே ஒரு கிறுக்கல், ஒரு முத்திரை. முத்திரையைக் கண்டதும் அவர் நடுங்குகிறார். கடன் வாங்கிக் கட்டுகிறார். "தலைவிதி" என்று சொல்லிவிட்டு மறுநாள் வழக்கம்போல் கடை திறக்கிறார். என்ன குறைவு என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை எப்படித் திருத்திக்கொள்வார்?

நாம் அசுத்தத்திற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஊராருக்கு நோயை விற்கின்ற கடைக்கு அபராதம் போடத்தான் வேண்டும். ஆனால், குற்றம் இன்னதென்று சொல்லாமல் தண்டிப்பது எந்த ஊர் நியாயம் என்றுதான் கேட்கின்றோம்.

சட்டமே அப்படிச் சொல்லவில்லை. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 32-வது பிரிவைப் பாருங்கள். குறைகளைத் திருத்தும்படி கொடுக்கும் நோட்டீசில், விதி மீறப்பட்டதாக நம்புவதற்குக் காரணம் என்ன, மீறியது எது, திருத்த என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். அந்த நாளும் 14-க்குக் குறையக் கூடாது. அசுத்தமாகத் தயாரித்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கின்றது 56-வது பிரிவு. "வரை" என்றால் எடுத்த எடுப்பில் லட்சம் என்று அர்த்தமா? அடைந்த லாபம், பிறருக்கு நேர்ந்த நஷ்டம், திரும்பத் திரும்பச் செய்ததா, தெரியாமல் செய்ததா என்பவற்றைப் பார்க்கச் சொல்லுகின்றது 49-வது பிரிவு. விசாரித்து அபராதம் விதிப்பவர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்ட்ரேட் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும், கடைக்காரர் வாதத்தையும் கேட்க வேண்டும் என்கின்றது 68-வது பிரிவு. சிறு வியாபாரிகள் பணம் கட்டிச் சமாதானமாய்ப் போக 69-வது பிரிவு இடங்கொடுக்கின்றது, வாஸ்தவந்தான். எதை ஒப்புக்கொண்டு கட்டுகிறோம் என்றே தெரியாமல் கட்டுவது சமாதானமாகுமா?

நிற்க, 2017-ம் வருஷத்து மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 126-வது பிரிவு, அபராத உத்திரவில் மீறலின் தன்மையையும், எந்தச் சட்டவிதியின்படி அத்தொகை என்பதையும் அதிகாரி குறிப்பிட்டாக வேண்டும் என்கின்றது. தொகையோ விகிதமோ முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட அபராதங்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கி வைத்திருப்பது நமது அபிப்பிராயத்தில் ஒரு குறையேயாகும்.

ஆகவே யோக்கியமான அபராதக் காகிதத்தில் இருக்கவேண்டியவை இவை: யார்மீது, எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன கண்டார்கள், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன சாட்சியம், தொகை எப்படி வந்தது, யாரிடம், எத்தனை நாளுக்குள் அப்பீல் செய்யலாம், கையெழுத்திட்டவர் பெயரும் பதவியும். இவை தமிழிலும் இருக்க வேண்டும். 1956-ம் வருஷத்திலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்துவிட்டு, தமிழ் மட்டும் படித்தவர் கையில் இங்கிலீஷ் காகிதத்தைத் திணிப்பது எழுதப்படிக்கத் தெரிந்தவரையும் தற்குறியாக்குவதல்லவா?

தோழர்களே! காகிதம் வந்தால் முத்திரையைப் பார்த்து நடுங்காதீர்கள். பிரிவு எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால், கெடு தவறாமல் எழுதிக் கேளுங்கள். நகலும் ஒப்புதல் சீட்டும் பத்திரமாயிருக்கட்டும். "ஏன்?" என்று கேட்பதற்கு எந்தச் சட்டமும் அபராதம் போடவில்லை.