மாறுவேடப் போட்டிக்கு எந்த வேடம்?

பள்ளி விழா என்றவுடன் மாணவச் செல்வங்களின் உள்ளத்தில் முந்தி நிற்பது மாறுவேடப் போட்டியே. எந்த வேடம் பூணலாம் என்னும் கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. விடை தேடிப் பெற்றோர் சுங்கைப் பட்டாணிக் கடைத்தெருவுக்குச் செல்கின்றனர். ஐந்து நிமிட வேடத்திற்காக அரும்பாடுபட்டு ஈட்டிய பணத்தைச் செலவிட்டுப் பளபளக்கும் அரச உடையை வாடகைக்கு எடுத்து வருகின்றனர். அச்செலவுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளையோ பெயரைக் கொடுக்காமலே ஒதுங்கிவிடுகிறது. இது முறையா என்று நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வேடம் என்பது உடை மட்டும் அன்று. தமிழகத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசரா விழாவிற்கு வேடம் பூணும் அடியார்கள் முன்னரே விரதமிருந்து தம்மை ஆயத்தம் செய்துகொள்கின்றனர். மேல்நாட்டுச் சிறுவர்கள் அக்டோபர் 31ஆம் நாள் ஹாலோவீன் இரவில் பேய் வேடமிடுவதும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களின் பழைய வழக்கத்திலிருந்து வளர்ந்ததே. அவரவர் வேடம் அவரவர் மண்ணில் வேரூன்றியிருக்கிறது. நம் பிள்ளைகளின் வேடமும் நம் மண்ணிலிருந்து பிறப்பதன்றோ சிறப்பு?

நம் மண்ணில் வேடத்திற்குப் பஞ்சமில்லை. பால்மரம் வெட்டும் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பாட்டியின் பழைய கைநீளச் சட்டை, தலைத்துண்டு, நெற்றியில் விளக்கு, தோளில் காண்டா, அதன் இரு முனைகளிலும் வாளிகள். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. பால் வெட்டும் கத்தியை மட்டும் அட்டையில் செய்துகொள்ளுதல் வேண்டும். கூரிய கத்தியைக் குழந்தையின் கையில் கொடுத்தல் ஆகாது. விடியுமுன்னே மரம் வெட்டுவது ஏன் என்று அப்பிள்ளை பாட்டியிடம் கேட்கட்டும். குளிர்ந்த வேளையில் பால் நன்கு வடியும், வெயில் ஏறினால் குறையும் என்பதை அறியட்டும். ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட இந்நாளில், மங்கையும் வாளியையும் கண்டறியாத தலைமுறை வளர்ந்து வருகிறது. அதற்கு இவ்வேடமே ஒரு பாடமாகும்.

பெண் பிள்ளைகளுக்கு ஜான்சி ராணிப் படையின் காக்கி உடை பொருந்தும். 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் அப்படையை அமைத்தபோது, மலாயாத் தோட்டப்புறப் பெண்களும் அதில் சேர்ந்தனர். தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்ற வழிகாட்டிய துன் வீ. தி. சம்பந்தனாரின் வேடமும் சிறந்ததே.

பாரதியாரும் ஔவையாரும் வேண்டா என்பதன்று நம் கருத்து. முண்டாசும் மீசையும் மட்டுமே பாரதியாரை உண்டாக்கிவிடா என்பதே நம் கருத்து. யாருடைய வேடம் பூண்டாலும், அவர் செய்த அரும்பணியைப் பற்றி நான்கு சொற்றொடர்களாவது பிள்ளை தன் சொந்த மொழியில் கூறுதல் வேண்டும்.

தவிர்க்க வேண்டிய வேடங்களும் உள. குடிகாரனாகத் தள்ளாடி வரும் சிறுவனைக் கண்டு அவையோர் கைகொட்டிச் சிரிப்பதுண்டு. அவ்வேளையில் கீழே அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் சிலருக்கு அது வேடிக்கையன்று. தம் வீட்டில் நாள்தோறும் காணும் துயரம். அவர்கள் சிரிப்பதில்லை, தலை கவிழ்ந்துகொள்கின்றனர். 1947இல் நம் அண்டையிலுள்ள பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடினர் என்பது வரலாறு. குடிகாரன் வேடத்தை விடுத்து, அத்தொண்டரின் வேடத்தைப் பூண்டால் அவையும் நிமிர்ந்து அமரும். உடற்குறை உடையோரையும் பிற இனத்தாரையும் எள்ளி நகையாடும் வேடங்களும் நமக்கு ஆகா.

நடுவர்களாக அமரும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உடையின் பளபளப்பிற்குக் குறைவாகவும், பிள்ளையின் பேச்சிற்கும் அறிவிற்கும் மிகுதியாகவும் மதிப்பெண் அளியுங்கள். அவ்வாறு செய்யின் வாடகைக் கடையை நாடும் வழக்கம் தானே குறையும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் துணிந்து மேடையேறும்.

பெற்றோர்களே! இவ்வாண்டு வேடத்தைக் கடையில் தேடுமுன், வீட்டிலுள்ள முதியவரிடம் பிள்ளையை அனுப்புங்கள். அவர்தம் வாழ்க்கையைக் கேட்டறிந்து மேடையேறும் பிள்ளை பரிசு பெறினும் பெறாவிடினும், தன் குடும்பத்தின் உழைப்பை எண்ணிப் பெருமையுறும்.